இரவல் வாக்குமூலம்

சலூன்காரரின் மகன் எடுத்தது ஒரு சைக்கிள். மருந்துக்கடை வாசலில் பூட்டாமல் நின்றதை மத்தியானம் எடுத்தான், பாலம் வரைக்கும் ஓட்டிப் பார்த்தான், சாயங்காலம் கொண்டுவந்து எடுத்த இடத்திலேயே நிறுத்தினான். போதாததற்குப் பின்சக்கரத்தில் குறைந்திருந்த காற்றையும் அடித்துவைத்தான். திருட வந்தவனுக்கு இவ்வளவு பொறுப்பு எங்கிருந்து வரும் என்று யாராவது ஒருத்தர் யோசித்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

மருந்துக்கடைக்காரர் மத்தியானக் கோபத்தில் காவல் நிலையத்துக்குப் போய்ப் புகார் கொடுத்துவிட்டார். சாயங்காலம் சைக்கிளைக் கண்டதும் கோபம் இறங்கிவிட்டது. நல்ல மனுஷன், புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று மறுபடியும் போனார். புகார் வாங்க அங்கே ஒரு ஜன்னல் இருந்தது. திருப்பிக் கொடுக்க ஜன்னல் வைக்கவே இல்லை.

"சைக்கிள் கிடைச்சிடுச்சுங்க," என்றார்.

"அப்ப திருட்டு உறுதியாயிடுச்சு," என்றார் உள்ளே இருந்த எழுத்தர். "காணாமப் போகாத சைக்கிள் எப்படிங்க கிடைக்கும்?"

எடுத்தவனைக் கண்டுபிடிக்கச் சிரமமே இல்லை, அவன் காற்றடித்ததைத் தெருவே பார்த்திருந்தது. பையனுக்குப் பதினாலு வயது. துருதுருவென்று ஒரு இடத்தில் நிற்க மாட்டான் என்பதால் வீட்டில் துரு என்று கூப்பிடுவார்கள். அவனைச் சிறுவர் நீதிமன்றத்தைச் சேர்ந்த இல்லத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். விசாரணை முடிந்தால் வீட்டுக்கு வரலாம். விசாரணை நடக்க வேண்டுமானால் பெற்றவர்கள் முதலில் விழிப்புணர்வு வகுப்பை முடித்திருக்க வேண்டும். சலூன்காரருக்கு வேண்டியது ஒன்றுதான், பையன் வீட்டுக்கு வர வேண்டும். அதற்கு எத்தனை வகுப்பு வேண்டுமானாலும் உட்காருவேன் என்று கடை ஷட்டரை இழுத்துவிட்டுக் கிளம்பினார்.

பிள்ளைகளைப் பயமுறுத்தாத நீதிமன்றம் என்று அதற்கு ஒரு பேர் இருந்தது. சுவரெங்கும் முயல் படம். கைவிலங்கு கூடவே கூடாது என்பதால் மஞ்சள் சட்டை போட்ட காவலர்கள் பையன்களின் கையைப் பாசமாகப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அந்தப் பாசத்தின் தடம் மணிக்கட்டை விட்டுப் போக ரெண்டு மூணு நாள் ஆகும். நுழைந்ததும் 'பெற்றோர் அறிய வேண்டியவை' என்று பெரிய எழுத்தில் ஒரு பலகை. அதன் முதல் வரி, 'அறிந்திருந்தால் நீங்கள் இங்கே வந்திருக்க மாட்டீர்கள்.' மற்ற வரிகளை ஒரு பூந்தொட்டி மறைத்துக்கொண்டிருந்தது. சலூன்காரர் தொட்டியை நகர்த்தப் போனார். "அதெல்லாம் வகுப்புல சொல்லுவாங்க, தொட்டியைத் தொடாதீங்க," என்றார் காவலர்.

வகுப்பை நடத்தியவர் ஒரு ஆலோசகர் அம்மா. குரல் பஞ்சு மாதிரி. வந்திருந்த ஆண்களை எல்லாம் "அப்பா" என்றும் பெண்களை எல்லாம் "அம்மா" என்றும் கூப்பிட்டார். பெற்ற பிள்ளை வாயால் அந்த வார்த்தையைக் கேட்டுப் பல நாளாகிப் போனவர்கள், யார் கூப்பிட்டாலென்ன என்று உருகிப்போய் உட்கார்ந்திருந்தார்கள்.

"முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கங்க," என்றார் ஆலோசகர் அம்மா. "இங்க யாரும் குற்றவாளி கிடையாது. குற்றம்ங்கற வார்த்தையையே நாங்க எடுத்துட்டோம். ரொம்பப் போராடி எடுத்தோம்."

சலூன்காரர் சந்தோஷமாகக் கையைத் தூக்கினார். "அப்ப என் பையன் குற்றம் பண்ணலைன்னு சொல்லி அனுப்பிடலாமேம்மா?"

"அது எப்படிப்பா முடியும்? குற்றமே இல்லாத இடத்துல, குற்றம் பண்ணலைன்னு எப்படித் தீர்ப்பு எழுதுவாங்க? பெரியவங்க கோர்ட்டுல விடுதலைன்னு ஒண்ணு வெச்சிருக்காங்க. ரொம்பக் கரடுமுரடான முறை அது. சம்பந்தமில்லைன்னு சொல்லி ஆளை வெளியில தள்ளிவிடறது. நாங்க எந்தக் குழந்தையையும் அப்படிக் கைவிட மாட்டோம்."

அதில் எங்கேயோ இடிக்கிறது என்று சலூன்காரருக்குப் பட்டது. எங்கே என்று கண்டுபிடிப்பதற்குள் அந்த அம்மா அடுத்ததற்குப் போய்விட்டார்.

"இங்க தீர்ப்புச் சொல்ற நடுவர் ஐயாவுக்குப் பிடிக்காதது ஒண்ணே ஒண்ணுதான். எங்க வீட்டுல எல்லாம் நல்லாத்தான் இருக்குன்னு சொல்ற பெத்தவங்க. ஒருத்தர் அப்படிச் சொன்னாரு, உணர்வில்லாத குடும்பம்னு பையனை ரெண்டு வருஷம் வெச்சுட்டாங்க. இன்னொருத்தர், தன் மேல இருக்கற தப்பு, பையன் மேல இருக்கற தப்பு, அத்தனையும் ஒளிக்காமச் சொல்லி அழுதாரு. பையன் அன்னைக்கே வீட்டுக்குப் போயிட்டான்."

கூட்டமே ஒரு தடவை மூச்சு விட்டது. இதுதான் வழி என்று தெரிந்த பிறகு யாருக்குத்தான் நெஞ்சு லேசாகாது?

அடுத்த வாரத்திலிருந்து மனம் திறக்கும் பயிற்சி. அறை நடுவில் ஒரு கம்பளம். ஒவ்வொருத்தராக அதில் ஏறி நின்று பிள்ளையின் கோளாறுகளைச் சொல்ல வேண்டும். சலூன்காரர் முறை வந்தது.

"கொஞ்சம் சேட்டை பண்ணுவான்மா," என்றார். "சாப்பிட்ட தட்டைக் கழுவி வெக்க மாட்டான்."

"சொல்லுங்கப்பா."

"காலைல எழுப்பறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடும்."

"அப்புறம்?"

"அவ்வளவுதாம்மா."

ஆலோசகர் அம்மாவின் முகம் வாடிவிட்டது. "இது எல்லா வீட்டுலயும் இருக்கறதுப்பா. நீங்க மனசைத் திறக்கவே இல்லை." ஒத்துழைப்புக் குறைவு என்று முடிவாகி, அவர் மறுபடியும் முதல் வகுப்பிலிருந்து உட்கார வேண்டியதாயிற்று. விசாரணையும் தள்ளிப்போயிற்று.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். துணிக்கடையில் பில் போடுகிறவள், நாள் முழுக்க நின்று கால் வீங்கி உட்கார்ந்திருந்தாள்.

"உள்ளதைச் சொல்லிட்டு வாங்க, போதும்," என்றாள்.

"உள்ளது பத்தலையாம்டி."

"பத்தலைன்னா? பையன் அவ்வளவுதான் பண்ணியிருக்கான். நாம என்ன பண்றது?"

அவள் சொன்னது நியாயம். அந்த நியாயத்தை வைத்துக்கொண்டு பையனைக் கூட்டிவர முடியுமா? அதுதான் அவர் கவலை.

இந்த இடத்தில்தான் சலூன்காரரின் தொழில் அவரைக் கெடுத்தது. கழுத்தில் துணியைச் சுற்றி, கத்திரி காதோரம் ஓட ஆரம்பித்துவிட்டால் ஆம்பளைகள் பெண்டாட்டியிடம் சொல்லாததையெல்லாம் சொல்லுவார்கள். எல்லாம் பிள்ளைகளைப் பற்றிய புலம்பல். லாரிக்காரர் மகன் கோபம் வந்தால் சாப்பாட்டுத் தட்டைத் தூக்கி அம்மா மேல் எறிவான். வாத்தியார் மகன் அப்பாவின் சட்டைப்பையில் கைவிடுவான். அச்சாபீஸ்காரர் மகன் ராத்திரி வீட்டுக்கே வருவதில்லை, கேட்டால் கதவை உதைப்பான். கேட்டதை வெளியில் விடாத மனுஷர் என்றுதான் சலூன்காரருக்கு அந்தத் தெருவில் மரியாதை. இப்போது பேர் சொல்லாமல் அதையெல்லாம் இரவல் வாங்கினால் என்ன என்று தோன்றியது. ஊர்ப் பிள்ளைகளின் முடி அத்தனையும் அவர் கடைத் தரையில்தானே விழுகிறது, குறைகளும் கொஞ்சம் விழட்டுமே.

அடுத்த வகுப்பில் கம்பளத்தில் ஏறி, லாரிக்காரர் வீட்டுத் தட்டை எடுத்து எறிந்தார். ஆலோசகர் அம்மாவின் கண் கலங்கிவிட்டது.

"இத்தனை நாளா இதை எங்கப்பா பூட்டி வெச்சிருந்தீங்க?"

அதன் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. வாரம் ஒரு வீடு என்று எடுத்துவிட்டார். பையன் மேல் மட்டும் சொன்னால் போதாதென்று தன் மேலும் ரெண்டு ஏற்றிக்கொண்டார். தினமும் குடித்துவிட்டு வருவேன் என்றார். டீயில் சர்க்கரை தூக்கலாகப் போட்டால்கூடத் தலை சுற்றுகிறது என்கிற ஆள் அவர். வகுப்பிலேயே முதல் ஆளாக வந்தார். மூட்டை தூக்குகிற ஒருத்தர் வராந்தாவில் அவரை ஓரமாக இழுத்துப் போய், "எனக்குச் சொல்லிக்க ஒண்ணுமே இல்லைங்க, உங்ககிட்ட மீந்தது இருந்தா ஒண்ணு குடுங்களேன்," என்று கேட்டார். சலூன்காரருக்கு இரக்க சுபாவம். அச்சாபீஸ்காரர் வீட்டுக் கதவை உதைத்த சம்பவத்தை அவருக்குக் கொடுத்துவிட்டார்.

விசாரணை நாளும் வந்தது. அறைக்குள் பெற்றவர்களில் ஒருத்தர்தான் போகலாம், ரெண்டு பேர் நின்றால் பிள்ளை மிரண்டுவிடுவானாம். வகுப்பில் தேறியது அவர்தான், அதனால் மனைவி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தாள். அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த வக்கீல் ஓடிவந்தார். வாய் நிறைய பிஸ்கெட், கையில் ஒரு கட்டு வழக்கு, காதில் போன்.

"சைக்கிள் கேஸ்தானே? உள்ள போய் வாயே திறக்காதீங்க. எது கேட்டாலும் வக்கீல் சொல்வார்னு சொல்லுங்க. சைக்கிள்காரரே மன்னிச்சிட்டாரு, பத்து நிமிஷத்துல பையனோட வெளிய வந்துடலாம்," என்று சொல்லிவிட்டு போனில் வேறு யாரையோ திட்டப் போய்விட்டார்.

அந்த நீதிமன்றத்தில் சலூன்காரரின் காதில் விழுந்த ஒரே உருப்படியான வார்த்தை அதுதான். அது பிஸ்கெட்டோடு சேர்ந்து வந்தது. அவர் ஆலோசகர் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்.

"வக்கீல்களுக்கு மனசு கிடையாதுப்பா," என்றார் அந்த அம்மா. "இவ்வளவு தூரம் வந்துட்டீங்க. உங்க பையனுக்காகப் பேச மாட்டீங்களா?"

அரை நிமிஷம் பேசிய மனுஷனை நம்புவதா, வாரக்கணக்கில் அப்பா என்று கூப்பிட்டவரை நம்புவதா? யாராக இருந்தாலும் அவர் செய்ததைத்தான் செய்திருப்பார்கள்.

உள்ளே இருந்த ஏற்பாட்டைச் சொல்ல வேண்டும். உயரத்தில் நீதிபதி உட்கார்ந்தால் பிள்ளைகள் பயப்படுகிறார்கள் என்று நடுவருக்கு ஒரு குட்டை நாற்காலி போட்டிருந்தார்கள். முழங்கால் ரெண்டும் மோவாயை முட்ட அவர் உட்கார்ந்திருந்தார். நடுவரை விட உயரமாக யாரும் உட்காரக் கூடாது என்ற பழைய விதியை யாரும் எடுக்கவில்லை. ஆகவே பெற்றவர்களுக்கு அதைவிடக் குட்டையாக ஒரு முக்காலி. வக்கீலுக்கு அதைவிடக் குட்டையாக எதுவும் கிடைக்காததால் அவர் தரையில் உட்கார்ந்திருந்தார். யாருக்காக இத்தனையும் குட்டையாகச் செய்யப்பட்டதோ அந்தப் பிள்ளைக்கு நாற்காலி போடும் விதி கிடையாது, நிற்க வேண்டும். எல்லோரும் தரையோடு கிடக்க துரு மட்டும் நடுவில் நெட்டையாக நின்றான். 'நிமிர்ந்து நிற்கிறான்' என்று நீதிமன்ற எழுத்தர் குறித்துக்கொண்டார்.

சலூன்காரர் முக்காலியிலிருந்து பையனை அண்ணாந்து பார்த்தார். இளைத்துவிட்டிருந்தான். அப்பாவைப் பார்த்து லேசாகச் சிரித்தான், வீட்டுக்குப் போகப் போகிறோம் என்கிற சிரிப்பு. அந்தச் சிரிப்புக்காகவே இன்று ஒரு குறையும் வைக்கக் கூடாது என்று அவர் எழுந்தார். வக்கீல் கீழிருந்து அவருடைய பேண்ட்டைப் பிடித்து இழுத்ததை உதறினார்.

அத்தனை நாள் பயிற்சியும் சேர்ந்து வந்து நின்றது. தட்டு பறந்தது, சட்டைப்பை காலியானது, மூட்டைக்காரருக்குக் கொடுத்த கதவைக்கூட ஞாபகமாக வாங்கி ரெண்டு உதை உதைத்தார். நான் குடிகாரன், என் கண்ணெதிரில்தான் இவன் கெட்டான் என்று அழுதார். அழுகை மட்டும் இரவல் இல்லை. அது பையன் இளைத்திருந்ததற்காக வந்த சொந்த அழுகை.

துருவுக்கு வாய் பிளந்துவிட்டது. "அப்பா, நான் எப்பப்பா தட்டை..."

"பெரியவங்க பேசும்போது குறுக்கே பேசறான்," என்றார் நடுவர். எழுத்தர் அதையும் குறித்துக்கொண்டார்.

"ஐயா, ஒரு நிமிஷம்," என்று வக்கீல் கையைத் தூக்கினார். மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவருடைய விரல் நுனி மட்டும் தெரிந்தது. நடுவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

நடுவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "எத்தனையோ தகப்பன்களைப் பார்த்திருக்கேன். இப்படி நேர்மையான ஒருத்தரைப் பார்த்ததில்லை. இவர் சொன்னதுல ஒரு வார்த்தையைக்கூட இந்த நீதிமன்றம் சந்தேகப்படல. சைக்கிள் ஒரு சின்ன விஷயம், அதைத் தள்ளுபடி பண்றேன். ஆனா அம்மாவையே அடிக்கிற பையனை, குடிகாரத் தகப்பன் இருக்கற வீட்டுக்கு அனுப்ப என் மனசாட்சி இடம் குடுக்கல. பதினெட்டு வயசு வரைக்கும் இல்லத்துலயே இருக்கட்டும். அங்க முயல் கூட இருக்கு."

கதவோரம் தரையில் உட்கார்ந்திருந்த மருந்துக்கடைக்காரர் எழுந்தார். "ஐயா, நான் மன்னிச்சிட்டேங்க. அதைச் சொல்லத்தான் கடையைப் பூட்டிட்டு வந்தேன்."

"சைக்கிள் வழக்கு முடிஞ்சிடுச்சு. உங்களுக்கு இங்க இப்ப வேலையே இல்லையே," என்றார் நடுவர் மரியாதையாக.

சலூன்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. "ஐயா, நான் சொன்னது ஒண்ணும் நிஜமில்லீங்க. தட்டை எறிஞ்சது வேற ஒருத்தர் பையன். நான் குடிக்கவும் மாட்டேன். சத்தியமாங்க. வீட்டுக்கு அனுப்புவீங்கன்னு நினைச்சு எல்லாத்தையும் நானாத்தான் சேர்த்துச் சொன்னேன்."

நடுவர் ஆலோசகர் அம்மாவைப் பார்த்தார். ஆலோசகர் அம்மா புரிந்ததாகத் தலையசைத்தார். "மனசு திறந்ததும் பயத்துல மறுபடி மூடிக்கும் ஐயா. எல்லாருக்கும் நடக்கறதுதான்."

"அப்படியே இவர் இப்ப சொல்றதுதான் நிஜம்னு வெச்சுக்குவோம்," என்றார் நடுவர். "அப்ப பெத்த பையன் மேலயே நீதிமன்றத்துல பொய் சொன்ன தகப்பன். அவர் வீட்டுக்கு எப்படி அனுப்பறது?"

மஞ்சள் சட்டைக்காரர் பாசமாக வந்து துருவின் கையைப் பிடித்தார்.

வெளியே வரும்போது சலூன்காரர் ஆலோசகர் அம்மாவை மறித்தார். "அன்னைக்கு ஒருத்தர் அழுதாருன்னு சொன்னீங்களே, அவர் பையனை மட்டும் எப்படிம்மா விட்டாங்க?"

"அந்தப் பையனுக்கு அன்னைக்குப் பதினெட்டு முடிஞ்சிடுச்சுப்பா," என்றார் அவர், அதே பஞ்சுக் குரலில். அடுத்த வகுப்புக்கு நேரமாகியிருந்தது.

பெஞ்சிலிருந்து மனைவி எழுந்து வந்தாள். அவருக்குப் பின்னால் பையன் வருகிறானா என்று எட்டிப் பார்த்தாள். அவர் நடந்ததைச் சொன்னார், ஒளிக்கவில்லை.

"ஏங்க," என்றாள் நிதானமாக, "நம்ம துரு என்னைக்குங்க என் மேல தட்டை எறிஞ்சான்?"

அதன் பிறகு வீடு வரைக்கும் அவள் அவருக்கு முன்னாலேயே நடந்தாள். வக்கீல் மேல்முறையீடு செய்து பார்த்தார். மேலே இருந்தவர்கள் படித்துவிட்டு, தகப்பனின் வாக்குமூலம் நெஞ்சைத் தொடுவதாக இருக்கிறது என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள்.

பையனைப் பார்க்க அனுமதி உண்டு. அதற்கு ஒரு நிபந்தனை. நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டதைப் பெற்றவர்கள் பிள்ளையிடம் மறுத்துப் பேசக் கூடாது. பேசினால் பிள்ளையின் முன்னேற்றம் கெடும், பார்க்க வருவது நிறுத்தப்படும், தாய்க்கும் சேர்த்து. இதைக் கவனிப்பதற்காகவே பக்கத்தில் ஒரு மேற்பார்வையாளர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். தங்கமான மனுஷர். நலம் விசாரித்துவிட்டுத்தான் பேனா மூடியைக் கழற்றுவார்.

சலூன்காரர் போனபோது துரு ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தான். யாரோ மெஷினை வைத்து அவன் தலையை ஒட்ட வழித்திருந்தார்கள், ஒரு காதுக்கு மேலே ஏறியும் இன்னொரு காதுக்கு மேலே இறங்கியும் இருந்தது. அதைத் தடவிக் கொடுக்கக் கை போயிற்று. தொடக் கூடாது என்று மேற்பார்வையாளர் ஜாடை காட்டினார்.

கொஞ்ச நேரம் சாப்பாட்டைப் பற்றியும் தூக்கத்தைப் பற்றியும் பேசினார்கள். அப்புறம் துரு குரலைத் தாழ்த்தினான்.

"அப்பா, ஒண்ணு கேக்கட்டுமா? அம்மா மேல தட்டை எறிஞ்சதைப் பத்தி இங்க தினமும் கேக்கறாங்க. நான் எறியலைன்னு சொன்னேன். கோபத்துல பண்ணிட்டு மறந்திருப்பேன்னு சொல்றாங்க. யோசிச்சு யோசிச்சுப் பார்த்தேன், எனக்கு ஞாபகமே வரல. ஆனா நீ சொன்னியேப்பா. நீ பொய் சொல்ல மாட்டியே."

மேற்பார்வையாளர் பேனா மூடியைக் கழற்றினார்.

இல்லைடா என்று ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். சொன்னால் அடுத்த வாரம் அவன் அம்மா வர முடியாது. அவள் இப்போதே அந்த வாரத்துக்கென்று இவனுக்கு ஒரு சட்டை எடுத்து வைத்திருக்கிறாள். பதினெட்டு வயசு வரைக்கும் இவன் இந்த நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருப்பான். சலூன்காரர் மேற்பார்வையாளரின் பேனாவைப் பார்த்தார்.

"ஆமாடா," என்றார். "எறிஞ்சே."

மேற்பார்வையாளருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "ரொம்ப நல்ல முன்னேற்றம்," என்று சொல்லிக்கொண்டே எழுதினார்.

துரு தலையைக் குனிந்துகொண்டு யோசித்தான். நிமிர்ந்தபோது அவன் கண் நிறைந்திருந்தது.

"அம்மாவுக்கு எங்கப்பா பட்டுச்சு?"